ஆய்வுக் கட்டுரையில் சான்று காட்டல்: ஆடலூர்க் களத்தை முன்வைத்து

மாணவ ஆய்வாளரிடையே சான்று காட்டல் என்பது கட்டுரையின் இறுதியில் செய்துமுடிக்கும் ஒப்பனை வேலையாகவே பெரிதும் கருதப்படுகிறது. காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதில் செல்லும் கவனம், காட்டப்படும் சான்று எவ்வகையது என்பதில் செல்வதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையில் அமைந்த ஆடலூரைக் களமாகக் கொள்ளும் மாணவர் ஒருவர் கையாள வேண்டிய மூலங்களை நோக்கின் இக்குறை தெளிவாகும்.

பழனியின் பழம்பெயராகிய பொதினி, மாமூலனார் பாடிய அகநானூறு 1, 61 ஆகிய பாடல்களில் இடம்பெறுகிறது. இதனைப் பக்க எண்ணால் மட்டும் சுட்டுவது பயன்தராது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். பாடல் எண்ணும் அடி எண்ணுமே எப்பதிப்பைக் கையில் வைத்திருப்பவருக்கும் வழிகாட்டும். பாடவேறுபாட்டின்மீது வாதம் எழுப்பப்படுமாயின் பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் உடன் வரவேண்டும்.

நெல்சன் (1868), பிரான்சிஸ் (1906) ஆகியோரின் நூல்கள் இம்மலைப்பகுதியை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே விவரிக்கின்றன. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். எனவே நூற்பெயரிலுள்ள 'மதுரை'யைத் 'திருத்துவது' பிழை. மறுபதிப்பைப் பயன்படுத்தியவர் இரண்டு ஆண்டுகளையும் தரவேண்டும். இல்லையேல் காலனிக்காலக் கருத்தொன்று அண்மைக்கால ஆய்வு முடிவாகத் தோன்றிவிடும். பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் இருவரும் எழுதிய நூல், இந்தியத் தொல்லியல் துறையின் 36ஆம் நினைவேடாக 1928இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் இவ்விருவரே. துறை வெளியீட்டாளர் மட்டுமே. பிற்கால நூலொன்றின் வழியாக மட்டும் இதனை அறிந்தவர், தாம் படித்த அந்நூலையே சுட்டவேண்டும்.

வாய்மொழித் தரவில்தான் சிக்கல் மிகுதி. பளியர் முதியவர் ஒருவரோ காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவரோ தரும் நேர்காணலை, எம்.எல்.ஏ. முறை துணைநூற்பட்டியலில் சேர்க்கிறது. ஏ.பி.ஏ. முறையோ, ஆய்வாளர் தாமே நடத்தி எங்கும் வெளியிடாத உரையாடலைத் 'தனிப்பட்ட தொடர்பு' என உடற்பகுதியில் மட்டும் குறித்துப் பட்டியலில் விட்டுவிடுகிறது. பிறர் சென்று காண இயலாததைப் பட்டியலிட வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். தமிழ் நாட்டார் வழக்காற்றாய்வுக்கு இது பொருந்தாது. அங்கு அவ்வுரையாடலே முதன்மை மூலம். தமிழ் ஆய்வேடுகளின் பின்னிணைப்பாக அமையும் தகவலாளர் பட்டியல் இவ்வகையில் நல்ல மரபு. ஆனால், பெயர், வயது, தொழில், ஊர் என நிரல்படத் தரும் பல ஆய்வேடுகள், எந்தச் செய்தியை யார் சொன்னார் என்பதை உடற்பகுதியில் குறிப்பதில்லை. பட்டியல் இருக்கிறது, இணைப்பு இல்லை. ஒரே கதைக்கு இருவர் இரு வடிவம் சொல்லியிருந்தால் அவ்வேறுபாடு ஆய்வாளரின் நடையில் கரைந்துபோகிறது.

ஒவ்வொரு தகவலாளருக்கும் ஓர் எண் தந்து, (த. 3, ஒலிப்பதிவு 2) என்றாற்போல உடற்பகுதியில் சுட்டி, நேர்காணல் நாளையும் ஒலிப்பதிவு பாதுகாக்கப்படும் இடத்தையும் பட்டியலில் தருவது போதுமானது. பெயரை வெளியிடத் தகவலாளர் இசையாதவிடத்து எண் மட்டுமே நிற்கும்.