முகங் காணாச் சொல்

துக்க வீட்டின் படலையைத் திறக்கும்போதே நமது குரல் தாழ்ந்துவிடுகின்றது. எதிரே நிற்பவரின் முகம் நம் சொல்லைத் திருத்துகின்றது. கைத்தொலைபேசிச் செயலிகள் நம்மோடு பேசுவதோ முகங் காணாமல் முன்கூட்டியே எழுதிவைத்த சொற்களால்.

2014ஆம் ஆண்டு டிசெம்பரில் பேஸ்புக் நிறுவனம், பாவனையாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஓராண்டுப் படங்களைத் தானே தொகுத்து, ‘உங்கள் ஆண்டு இப்படி இருந்தது’ என்று காட்டியது. பகிர்வதற்கென அதனோடு இணைத்திருந்த வாசகம், அருமையானதோர் ஆண்டு கழிந்தது என மகிழ்ந்துரைத்தது. அமெரிக்கரான எரிக் மேயர் இணையத்தள வடிவமைப்பிற் பெயர்பெற்றவர். அவரது திரையில் தொகுப்பின் முகப்பாக வந்தது அவருடைய மகளின் படம். சுற்றிலும் ஆடிக் களிக்கும் உருவங்கள், பலூன்கள். அச்சிறுமியோ அவ்வாண்டு யூன் மாதம், தன் ஆறாவது பிறந்தநாளன்று, மூளைப் புற்றுநோயால் இறந்தவள்.

மேயர் இதுபற்றி எழுதிய கட்டுரையில் வசை இல்லை. இக்கொடுமை எவரும் எண்ணிச் செய்ததன்று என்றே அவர் கூறினார். அவர் வேண்டியது மிகச் சிறிது: படத்தைக் காட்டுமுன் ‘பார்க்க விரும்புகிறீர்களா?’ என ஒரு கேள்வி. வேண்டாமென்றால், பின்னர் கேட்கலாமா, இனிக் கேட்கவே வேண்டாமா என இன்னொன்று. பறையடித்த இடத்தில் ஒரு வினாக்குறி போதுமாயிருந்தது! நிறுவனத்தார் வருத்தந் தெரிவித்தனர். தம் கட்டுரையால் அவ்வூழியர்மீது கண்டனங்கள் குவியக் கண்ட மேயர், நத்தார் வேளையில் அவர்களை வருத்தியமைக்காகத் தாமே மன்னிப்புங் கோரினார். பெருந்தன்மை யார் பக்கத்தில் நின்றது என்பதை வாசகர் அறிவர். 2016இல் அவர் சாரா வாக்டர்-போட்சர் என்பாருடன் சேர்ந்து, துயருற்ற வேளையிலும் ஒருவர் இத்தகைய சாதனங்களைத் தொடுவார் என்பதை மறவாது வடிவமைப்பது எப்படி என ஒரு நூலே எழுதினார்.

கேள்வியாகக் கேட்பதா, முடிவாகச் சொல்வதா என்பது துயரத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று. தமிழிலோ மரியாதையும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது. செயலிகளின் தமிழாக்கங்களில் ‘அனுப்பு’, ‘நீக்கு’, ‘வெளியேறு’ என ஏவல்களே நிறைந்துள்ளன. எழுபது வயது கடந்த தலைமையாசிரியர் ஒருவர், ‘வெளியேறு’ என்னும் பொத்தானை எனக்குக் காட்டி, “இது யார் யாருக்குச் சொல்லுறது?” என்று வினவினார். ஏவுபவர் நாம், ஏவப்படுவது பொறி என்று சமாதானங் கூறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப ‘போயிட்டு வாறன்’ எண்டு எழுதினால் என்ன, தம்பி?”