"யோசிச்சு யோசிச்சே வரவழைச்சுக்கிட்டா!"

புற்றுநோய் கண்ட ஒருவரை நலம் விசாரித்துவிட்டு மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது இப்படிச் சொல்பவர்கள் உண்டு. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் இடத்திலும், வானொலிக்கு அழைக்கும் நேயர்களிடமும் இதே பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அக்கறையில் சொல்வதுதான். ஆனால், நோயாளியின் காதில் அது 'எல்லாம் உன்னால் வந்தது' என்றுதான் விழும்.

மருத்துவ ஆய்வு என்ன சொல்கிறது?

மன உளைச்சல் நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஏற்கெனவே இருக்கும் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவ அது துணைபோகலாம் என்பதற்கே ஆய்வுக்கூடங்களில் தடயங்கள் கிடைத்துள்ளன.

அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினர் 2024ல் 'கேன்சர் செல்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புற்றுநோய் கொண்ட எலிகள் தொடர்ந்து உளைச்சலுக்கு ஆளானபோது, நோய்ப் பரவல் 4 மடங்கு வரை கூடியது. உளைச்சலில் சுரக்கும் ஹார்மோன், 'நியூட்ரோஃபில்' என்னும் வெள்ளை அணுக்களைத் தூண்டியதே காரணம். கிருமிகளைச் சிக்கவைக்க இந்த அணுக்கள் வலைபோன்ற இழைகளை வீசும். அந்த வலைகளே நுரையீரலில் புற்றணுக்கள் வந்து தங்க வழிசெய்துவிட்டன. வலைகளைக் கரைத்தபோது, உளைச்சல் இருந்தும் பரவல் கூடவில்லை.

இது எலிகளிடம் கண்டது. மனிதர்களிடமும் இப்படியே நடக்கும் என்று இன்னும் உறுதியாகவில்லை.

ஆனால், மன உளைச்சல் வேறு வழியிலும் கெடுக்கும். தூக்கம் போகும். சிலருக்குப் புகையும் மதுவும் கூடும். வேலை, பிள்ளைகளின் தேர்வு என்று பரிசோதனையும் தள்ளிப்போகும். 50 வயதைத் தாண்டிய பெண்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்கவேண்டும். அந்த வயதில் ஆண், பெண் இருபாலரும் ஆண்டுதோறும் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்றால், "கவலைப்படாதே" என்ற அறிவுரை மட்டும் போதாது. ஊட்ரமில் உள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்திற்குத் துணைக்குப் போகலாம். ஒருவேளை சமையலைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரலாம். செலவு பற்றிய பயம் இருந்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசச் சொல்லலாம். தூக்கமில்லாத இரவுகளைப் பற்றி மருத்துவரிடம் மறைக்கவேண்டாம். நள்ளிரவில் மனம் கனத்தால், 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

காரணம் தேடுவதை மருத்துவர்களிடம் விட்டுவிடுவோம். அடுத்த முறை பார்க்கப் போகும்போது, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்போம்.