சேரிக்குள் ஒரு சிறு கோயில்

கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரெயில் ஏறித் தாம்பரத்தில் இறங்குகிறவர்கள், பாதைக்குக் கிழக்கே மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய தோட்டத்தைக் காண்பார்கள். பட்டணத்து இடநெருக்கடி பொறுக்காமல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் குடியேறிய இடம் அது. மறு வருஷம் டிசம்பரில் அங்கே ஒரு மகாநாடு கூடிற்று. ஏறக்குறைய எழுபது நாடுகளிலிருந்து சுமார் 470 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அமெரிக்க மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜான் மாட் அக்கிராசனம் வகித்தார். 'தாம்பரம்' என்ற பெயர் உலகத்துக் கிறிஸ்தவ நூல்களில் இடம் பெற்றது அன்று முதல்தான்.

அந்த மகாநாட்டைப் பற்றி அறிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறார்கள். நாம் சொல்லப் புகுவது அந்த மண்டபங்களில் பேசியவர்களைப் பற்றி அல்ல. பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் சேரிகளில், பனையோலைக் கூரையின் கீழே, எண்ணெய் விளக்கின் ஒளியில் கூடிய சிறு சிறு சபைகளைப் பற்றி. தாம்பரமும், பரங்கிமலையும், மேற்கே திருவள்ளூரும் அக்காலத்தில் அந்த ஒரே ஜில்லாவைச் சேர்ந்தவை. ஜில்லாக் கலெக்டரின் கச்சேரி சைதாப்பேட்டையில் இருந்தது. இந்தக் கச்சேரி நம் கதையில் மறுபடியும் வரும்.

மெதடிஸ்ட் என்பது முதலில் ஒரு கேலிப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு கலாசாலையில் ஜான் வெஸ்லியும் அவருடைய தோழர்களும் ஜபம், உபவாசம், படிப்பு, சிறைச்சாலை தரிசனம் எல்லாவற்றையும் மணிக்கணக்கு வைத்துச் செய்தபடியால், மற்ற மாணவர்கள் 'முறைக்காரர்கள்' என்று பரிகசித்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. கோயில்களில் இடம் கிடைக்காதபோது வெஸ்லி 1739 முதல் வெட்டவெளியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பிரசங்கம் செய்தார்.

அந்தச் சபையார் நம் நாட்டுக்கு வந்தது இலங்கை வழியாக. 1813-ஆம் வருஷக் கடைசியில் தாமஸ் கோக் என்னும் முதியவர் இங்கிலாந்திலிருந்து சில வாலிபர்களுடன் கப்பல் ஏறினார். 1814 மே 3-ஆம் தேதி அவர் நடுக்கடலில் காலமானார். தலைவரை இழந்த வாலிபர்கள் ஜூன் மாதக் கடைசியில் காலித் துறைமுகத்தை அடைந்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் யாழ்ப்பாணத்தில் சில காலம் உழைத்து, 1817-ல் சென்னைக்கு வந்தார். 1819-ல் இராயப்பேட்டையிலும், 1822-ல் பிராட்வேயிலும் வெஸ்லியன் ஆலயங்கள் எழுந்தன. யாழ்ப்பாணத்திலிருந்த அதே சபைப் பாதிரி பீட்டர் பெர்சிவல், விவிலியத்தைத் தமிழாக்குகையில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டார் என்பதைத் தமிழன்பர்கள் மறந்துவிடக் கூடாது.

ஆயினும் வெகு காலம் வரை இந்தச் சபையின் கவனமெல்லாம் பட்டணத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடம் வைத்தார்கள், மேல் சாதிப் பிள்ளைகள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, ஞானஸ்நானம் மட்டும் பெறாமல், மரியாதையாக வீட்டுக்குப் போனார்கள். கிராமத்திலிருந்து கூப்பிடும் குரல் கேட்டது 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான். அந்தக் குரல் அக்கிரகாரத்திலிருந்து வரவில்லை. சேரியிலிருந்து வந்தது.

செங்கற்பட்டுச் சேரிகளின் நிலைமையைப் புரிந்துகொள்ள 'மிராசு' என்ற ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் போதும். கிராமத்து நிலம், தரிசு, மரம், குட்டை எல்லாவற்றின் மீதும் பரம்பரை பாத்தியம் கொண்டாடிய சில குடும்பத்தார் மிராசுதார்கள். தரிசு நிலத்தைப் பயிரிடுவதாக யாராவது சர்க்காருக்குத் தர்க்காஸ்து மனுப் போட்டால், அதைப் பெறுவதில் முதல் உரிமை மிராசுதாருக்கு. உழுகிறவனோ படியாள். கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தகப்பன் எழுதிக் கொடுத்த சீட்டு மகனையும் கட்டும். இவற்றைவிடக் கொடியது வேறொன்று உண்டு. அவன் குடிசை நின்ற மனைக்கட்டும் அவனுடையதன்று. மிராசுதார் மனம் கோணினால் கூரையைப் பிரித்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். நேட்டாலுக்கும் மோரீசுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறிய கூலிகளில் இந்த ஜில்லாக்காரர்கள் அநேகர் இருந்ததில் என்ன ஆச்சரியம்?

ஆகவே, ஒரு சேரியார் ஒன்று சேர்ந்து, "எங்களுக்கு ஓர் உபதேசியாரை அனுப்புங்கள்" என்று பாதிரியாரிடம் கேட்டபோது முதலில் எழுந்த கேள்வி வேதாந்தக் கேள்வியன்று. அந்த உபதேசியார் எங்கே நிற்பார்? குடிசை போட இடம் யார் கொடுப்பார்? இருபதடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட ஒரு ஜபக் குடிசைக்கு இடம் தேடுவதே இந்த ஜில்லாவில் பெரும் போராட்டமாக இருந்தது. ஒரு சிறு கிராமச் சபையின் சரித்திரத்தை எழுத விரும்புகிறவர், பிஷப்புகளின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, கோயில் மனையின் பத்திரத்தை முதலில் தேடிப் பார்ப்பது நல்லது.

இந்தப் போராட்டத்தில் இறங்கிய வெஸ்லியன் பாதிரிகளில் முக்கியமானவர் வில்லியம் கௌடி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடலும் காற்றும் ஓயாத ஷெட்லாந்துத் தீவில் பிறந்தவர். திருவள்ளூருக்கு அடுத்த ஈக்காட்டை மையமாகக் கொண்டு அவர் வேலை செய்தார். பிற்காலத்தில் அந்த ஊர் மிஷன் ஆஸ்பத்திரிக்கும், பெண்கள் செய்த பின்னல் வேலைக்கும் பெயர் பெற்றது. கௌடியோ ஆத்துமாவைப் பற்றிப் பேச வந்தவர், படிப்படியாக நிலவரிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவராகிவிட்டார். 1894-ல் 'ஹார்வெஸ்ட் ஃபீல்டு' பத்திரிகையில் பறையரையும் நிலத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். செங்கற்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஆதம் ஆண்ட்ரு இதே வேலையைச் செய்தார். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே அவர் அமைத்த குடியேற்றமே மெல்ரோசாபுரம்.

சைதாப்பேட்டைக் கச்சேரி இங்கேதான் வருகிறது. 1891-ல் கலெக்டர் வேலை பார்த்த டிரமன்ஹீர் என்னும் துரை, ஜில்லாவின் பறையர் நிலைமையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிச் சர்க்காருக்கு அனுப்பினார். படியாள் முறையையும் மனைக்கட்டுக் கொடுமையையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். அதன் பலனாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி உத்தரவு பிறந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலம் ஒதுக்க வேண்டும். பத்து வருஷம் வரை அதை விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பினருக்கன்றி வேறு யாருக்கும் மாற்றக் கூடாது. பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது இதுவே. உத்தரவு நல்ல உத்தரவுதான். கர்ணமும் மணியமும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதைத்தான் உத்தரவு விசாரிக்கவில்லை.

நிலம் கிடைத்ததோ இல்லையோ, உபதேசியார் வந்துவிட்டார். இந்தக் கதையின் உண்மையான நாயகர் அவரே. ஆனால் அறிக்கைகளில் அவர் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடும். சொற்பச் சம்பளம். பகலில் அரிச்சுவடிப் பள்ளிக்கூடம். மாடு மேய்க்கப் பையன்கள் போய்விடுவதால் இரவில் மறுபடியும் பள்ளிக்கூடம். வயலிலிருந்து ஆண்களும் பெண்களும் திரும்பிக் கஞ்சி குடித்த பின், விளக்கேற்றி ஜபம். மனுப் போட வேண்டுமானாலும், கடன் சீட்டைப் படித்துக் காட்ட வேண்டுமானாலும் அவர்தான். எழுத்தறிந்த ஒருவர் சேரிக்குள்ளேயே குடியிருக்கிறார் என்பது பாதிரியாரின் பிரசங்கத்தைவிட மிராசுதாரை அதிகம் கலங்கச் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மெதடிஸ்ட் சபைக்கே உரிய வழக்கம் ஒன்று உண்டு. அங்கத்தினர்களைச் சிறு வகுப்புகளாகப் பிரித்து, வாரந்தோறும் கூட்டி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "உன் ஆத்தும நிலை எப்படி?" என்று தலைவர் விசாரிப்பார். ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற காசு போடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சீட்டு வழங்குவார்கள். லண்டன் வியாபாரிக்கு இது சாதாரண சங்கதியாகத் தோன்றலாம். பிறந்தது முதல் ஏவலும் வசையும் தவிர வேறெதுவும் காதில் விழாத ஒரு மனிதனை உட்கார வைத்து, உன் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவன் என்ன ஆவான் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பரங்கிமலையில் 1883-ல் பிறந்த எம். சி. ராஜா, இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர். அவர் கிறிஸ்தவராகவில்லை. பள்ளி ஆசிரியராகி, பிறகு சட்டசபைக்குப் போய், 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று சர்க்கார் வழங்கும்படி 1922-ல் செய்தார். மிஷனரிகள் விதைத்தது அவர்கள் எண்ணிய வயலிலேயே விளையவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி, தேசபக்தர்களின் ஆட்சேபத்துக்கு வருவோம். பசிக்கும் நிலத்துக்கும் ஆசைப்பட்டு வந்த மதமாற்றம் மதமாற்றமாகுமா? மகாத்மா காந்தியே 1936-ல், தம்மைக் காண வந்த ஜான் மாட்டிடம், ஹரிஜனங்களைக் கூட்டமாக மதம் மாற்றுவதைக் கடுமையாக ஆட்சேபித்தார். இரண்டு மதங்களின் தத்துவங்களை எடைபோட்டுப் பார்க்கும் நிலையில் அந்த ஏழைகள் இல்லை என்பது அவர் கருத்து. அந்தக் கவலையை அலட்சியம் செய்யலாகாது. கோதுமைக்கும் சோளத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டு, மழை பெய்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. சபைக்குள் வந்த பிறகும் சாதி ஒழியவில்லை என்பதும் மெய்.

ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட அன்பர்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-ஆம் தேதி. கௌடியின் சேரிச் சபையார் எண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தது அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னால். ஐம்பது வருஷம் வாசலில் காத்திருக்கும்படி எவரைச் சொல்வது? அவர்களுக்கு எடைபோடத் தெரியாது என்பதையும் நான் ஒப்பமாட்டேன். மதம் மாறினால் மிராசுதார் மனையை விட்டுத் துரத்துவான் என்று தெரிந்தே வந்தவர்கள் அநேகர். அது எடைபோடாமல் செய்த காரியமா?

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், சென்னை ஸெயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் வெஸ்லியன் மெதடிஸ்டுகளும், ஆங்கிலிக்கரும், தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். அமெரிக்கர் நிறுவிய மெதடிஸ்ட் சபை மட்டும் தனியே நின்றது. இங்கிலாந்தில் பிரிந்து கிடந்தவர்கள் இங்கே சேர்ந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் சேரிச் சபைகளுக்கு அதைவிடப் பெரிய சம்பவம் 1950-ல் நேர்ந்தது. அட்டவணைச் சாதிகள் பற்றிய ஜனாதிபதி உத்தரவு, ஹிந்துக்களல்லாதவரை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் என்று எழுதுகிறார்கள். ஒரே தெரு, ஒரே கிணற்றுச் சண்டை, ஒரே சுடுகாட்டுப் பாதை. அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி வேறொரு பட்டியலில். இதைப் பரிசீலிக்க நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-ல் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது.

நிலத்தின் கதையும் முடியவில்லை. செங்கற்பட்டுக்கு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி போலீசார் சுட்டதில் இருவர் இறந்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை. டிரமன்ஹீர் துரையின் குறிப்புக்கு அப்போது வயது நூற்று மூன்று.

பனையோலைக் கூரைகள் பல இடங்களில் ஓடாகி, ஓடு காரையாகிவிட்டது. டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவில் விழித்திருந்து, புது வருஷத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளும் பழைய மெதடிஸ்ட் வழக்கம் சபையின் பெயர் மாறிய பின்னும் நீடித்தது. தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைப் பெண்கள் தனியே எடுத்து வைக்கும் 'கைப்பிடி அரிசி'க் காணிக்கையும் அப்படியே. அறுப்பின் பண்டிகையன்று பூசணிக்காயும், சேவலும், வாழைத்தாரும் பீடத்தண்டை வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் நடக்கும். பத்து ரூபாய்ப் பூசணிக்காய் நூறு ரூபாய்க்குப் போகும். அதை எடுக்கிறவரும் பெரும்பாலும் அதே தெருக்காரர்தான். வீட்டுக்குக் கொண்டுபோகாமல், மறுபடியும் ஏலம் விடும்படி அங்கேயே வைத்துவிட்டுப் போவாரும் உண்டு.