அப்பாவின் பழைய லேப்டாப்: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது

உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு முதன்முதலில் வந்த கணினி, அரசு கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டம் அது. எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ய, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் அவை வழங்கப்பட்டன. அன்று வாங்கி வந்த பிள்ளை இப்போது ஒரகடத்திலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறது. லேப்டாப் மட்டும், மூடியில் அரசு முத்திரை தேய்ந்துபோய், ஊரில் அப்பாவிடம் இருக்கிறது.

அவருக்கு அதில் வேலையும் இருக்கிறது. பட்டா, சிட்டா பார்க்க வேண்டும். வில்லங்கம் பார்க்க வேண்டும். சங்கத்துக்கு மனு அடிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் படங்களைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் பார்க்க வேண்டும். "ஆன் பண்ணி வெச்சிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கினே கீதுப்பா" என்பார். பிள்ளைகளிடமிருந்து வரும் பதில் இரண்டில் ஒன்று: "தூக்கிப் போடுப்பா, புதுசு வாங்கித் தர்றேன்" அல்லது "ஃபார்மட் அடிச்சிடலாம்ப்பா." முதலாவது பல நேரங்களில் வீண் செலவு. இரண்டாவது, அவருடைய கோப்புகளோடு அவருடைய பழக்கத்தையும் அழித்துவிடும். கணினியை எப்படி வேகமாக்குவது என்று யோசிக்கும் முன்னால், அவர் அதில் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். என்ன செலவு செய்வது, எதை விட்டுவைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

ஒரு அரை மணி நேரம் அவரையே ஓட்டச் சொல்லுங்கள், மௌஸைப் பிடுங்காதீர்கள். எந்த ஐகானை அழுத்துகிறார், எங்கே காத்திருக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் கணினியை இடத்தை வைத்துக் கற்றிருப்பார்கள். "இடப்பக்கம் மூணாவது படத்தைத் தட்டினா நிலத்து வெப்சைட் வரும்" என்பதுதான் அவருடைய பாடம். நீங்கள் டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று ஐகான்களை வரிசை மாற்றினால், கணினி எத்தனை வேகமாக ஓடினாலும் அவருக்கு அது புது ஊர்தான்.

குறித்துவைத்த பட்டியலைப் பார்த்தால், சில வேலைகளுக்குக் கணினியே வேண்டாம் என்று தெரியவரும். ஓய்வூதியருக்கான ஜீவன் பிரமாண் உயிர்வாழ் சான்று 2014 நவம்பரில் வந்தபோது கணினியும் விரல்ரேகைக் கருவியும் தேவைப்பட்டன. இப்போது ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டியே அதை முடிக்கலாம். தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தும் பெறலாம். அந்த ஒரு வேலைக்காக மட்டும் பழைய லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

செலவில்லாத முதல் சோதனை: தேதி

"நிலத்து வெப்சைட்டே தொறக்கல, செவப்பா ஏதோ காட்டுது" என்றால், திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் அது பத்துப் பன்னிரண்டு ஆண்டு பின்னால் போயிருக்கலாம். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று உள்ளே ஒரு சிறு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய நாளுக்குத் தாவிவிடும்.

இணையதளம் ஒவ்வொன்றும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற பாதுகாப்புச் சான்றோடுதான் வரும். கணினியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால், பிரவுசர் அதை நம்பாமல் கதவைச் சாத்திவிடும். தேதியைச் சரிசெய்தால் தளம் அப்போதே திறக்கும். நிரந்தரமாகத் தீர, மேஜைக் கணினி என்றால் சிஆர்2032 என்ற நாணய பேட்டரியை மாற்ற வேண்டும். அது கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். லேப்டாப் என்றால் பேட்டரி பெரும்பாலும் ஒயரோடு உள்ளே ஒட்டியிருக்கும், பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

எதையும் தொடும் முன் நகல்

கல்யாண வீடியோ, மறைந்த பாட்டியின் படம், ஸ்கேன் செய்த பத்திரம் எல்லாம் அந்த டிஸ்க் ஒன்றில்தான் இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முழுவதையும் நகலெடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். அது மஞ்சள் எச்சரிக்கை காட்டினாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் நகல்தான்.

அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியராகவோ ஆசிரியராகவோ இருந்தால் இன்னொரு வேலை உண்டு. பழைய மனுக்களும் கடிதங்களும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளில் உள்ளுக்குள் இருப்பது வேறு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகத் தெரியும். ஆகவே பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கியமான கோப்புகளை அதிலேயே திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். எழுத்துருக் கோப்புகளையும் தனியே எடுத்துவையுங்கள். இனியும் திருத்த வேண்டியவற்றை மட்டும் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றினால் போதும்.

ஏன் இழுக்கிறது?

காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று, அல்லது நான்கும் சேர்ந்து.

முதலாவது, ஹார்ட் டிஸ்க். அந்தக் கால லேப்டாப் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டும், அதன் மேல் நகர்ந்து தேடும் ஊசியும் இருக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். ஆன் செய்யும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருப்பதால், அந்த நேரமெல்லாம் சேர்ந்து நிமிடங்களாகிவிடும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் குற்றவாளி இதுதான்.

இரண்டாவது, ரேம். களம் சிறியதாக இருந்தால் நெல்லைக் கொஞ்சம் கொட்டிக் காயவைத்து, வாரி மூட்டை கட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் கொட்ட முடியும். 2 ஜிபி ரேமில் இன்றைய இணையதளங்களைத் திறக்கும்போது நடப்பதும் அதுதான். இடம் போதாமல் டிஸ்க்குக்கு அள்ளிப்போட்டு மறுபடி எடுத்துவரும்.

மூன்றாவது, சூடு. அறுவடைக் காலத்து நெல் தூசியும் தறி வீடுகளின் பஞ்சும் விசிறியில் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படுத்துவிடுகிறது என்றால் விசிறியைச் சுத்தம் செய்து, பிராசசரின் மேல் காய்ந்துபோன பேஸ்டைப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டினாலும் காற்று புகாது. பலகை மேல் வைக்க வேண்டும்.

நான்காவது, வேண்டாத மென்பொருள்கள். ஆன் செய்தவுடன் தானாகக் கிளம்புபவை, காலாவதியான ஆன்டிவைரஸ், எதையோ டவுன்லோடு செய்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த டூல்பார். விண்டோஸ் 10இல் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலும், விண்டோஸ் 7இல் எம்எஸ்கான்ஃபிக் மூலமும் அவற்றை நிறுத்தலாம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

காசு எங்கே போட்டால் பலன்?

முதல் ரூபாய், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டிக்கு. இதில் சுழலும் பாகமே கிடையாது. தேடும் நேரம் பழைய டிஸ்க்கில் நூற்றில் ஒரு பங்குதான். 2.5 அங்குல சாட்டா வகை, 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய டிஸ்க்கை அழிக்காமல் யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். பிறகு எந்தக் கோப்பைக் காணோம் என்று அப்பா கேட்டாலும் அதில் இருக்கும்.

அடுத்து ரேம். பழைய ரேமை வெளியே எடுத்து அதன் ஒட்டுத்தாளைப் படியுங்கள். பிசி3 என்று இருந்தால் டிடிஆர்3. பிசி3எல் என்று இருந்தால் குறைந்த மின்னழுத்த வகை. பிசி3எல் கேட்கும் கணினியில் வெறும் பிசி3 போட்டால் ஓடாமல் போகலாம். டிடிஆர்4 அந்தத் துளையில் பொருந்தவே பொருந்தாது. அந்த ஒட்டுத்தாளைப் படமெடுத்துக்கொண்டு போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தவறானதை வாங்கிவர மாட்டீர்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஆரம்ப ஆண்டு அரசு லேப்டாப்களில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது. ஆகவே விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு 4 ஜிபி போட்டால் காசுதான் நஷ்டம்.

பழைய பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். குத்தவோ, குப்பையில் போடவோ கூடாது. கழற்றக்கூடிய பேட்டரி உள்ள லேப்டாப், பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும். ஆனால் கரன்ட் போனால் அந்த நொடியே அணைந்து, எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில் மாட்டிக்கொடுங்கள்.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றன. குரோம் பிரவுசரும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறை பிராசசரும் வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் வந்த அரசு லேப்டாப்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார். அப்படி ஏற்றினால் புதுப்பிப்புகள் தொடர்ந்து வருமென்ற உத்தரவாதம் இல்லை.

அப்பாவின் பட்டியலில் இருப்பது இணையம், படம், வீடியோ, கடிதம் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். இலவசம், கீழே பட்டி, இடது மூலையில் மெனு என்று பார்வைக்கும் விண்டோஸ் போலவே இருக்கும். குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகையும், தமிழ் டைப்ரைட்டிங் தேர்வு எழுதியவர்களுக்குப் பழகிய தட்டச்சு முறையும் அதில் கிடைக்கும்.

அவருடைய பழைய ஐகான்களை அதே வரிசையில் வையுங்கள். மூன்றாவது இடத்தில் நிலத்து வெப்சைட் இருந்ததென்றால், இங்கேயும் மூன்றாவது இடத்தில் அதுவே இருக்கட்டும். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்; மௌஸ் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறையுங்கள். பல சமயம் கணினி மந்தம் என்று அவர் சொல்வதே, இரண்டாவது கிளிக் தாமதமாக விழுந்து எதுவும் திறக்காமல் போவதைத்தான்.

ஒன்று மட்டும் கறாராக: விண்டோஸ் 7 இருக்கும்வரை அந்தக் கணினியில் நெட் பேங்கிங் வேண்டாம்.

தூரத்திலிருந்து உதவும்போது

சென்னையிலிருந்தே அப்பாவின் திரையைப் பார்த்துச் சரிசெய்ய எனிடெஸ்க் போன்ற செயலிகள் உண்டு. மோசடிக்காரர்களின் ஆயுதமும் அதேதான். போனில் அந்தச் செயலியைப் பதிவிறக்கச் செய்து கணக்கைத் துடைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது. ஆகவே வீட்டில் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளைகள் தாங்களே கூப்பிட்டுக் குரல் கேட்ட பிறகுதான் அந்தச் செயலியைத் திறப்பது; வேலை முடிந்ததும் மூடிவிடுவது. "உங்கள் கணினியில் வைரஸ்" என்று திரை முழுக்கச் சிவப்பாக வந்து ஒரு நம்பரைக் காட்டினால், கூப்பிடாமல் கணினியை அணைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

எப்போது விட்டுவிடலாம்?

திரை விரிசல், மதர்போர்டு பழுது, பிராசசரே 32 பிட் என்றால் செலவு செய்யாதீர்கள். பயன்படுத்திய லேப்டாப் வாங்குவதென்றால் 8ஆம் தலைமுறைக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். எப்போதோ ஒரு முறை சான்றிதழ் எடுக்க மட்டும்தான் தேவை என்றால், இ-சேவை மையம் போதும்.

ஊருக்குப் போகும் வாரக்கடைசிக்கு முன்பே எஸ்எஸ்டி, யூஎஸ்பி உறை, சிறு திருப்புளி, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். சனிக்கிழமை பார்ப்பதற்கும் நகலெடுப்பதற்கும். மாற்றுவது ஞாயிறு காலை. மதியத்துக்குப் பிறகு நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்காருங்கள். அவரே ஆன் செய்து, மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டு, தன் நிலத்தின் சிட்டாவை எடுத்து அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்தது. நடுவில் எங்காவது "இது எங்கப்பா போச்சு?" என்று கேட்டால், பஸ் ஏறுவதற்குள் அந்த இடத்தைச் சரிசெய்துவிடுங்கள்.