கீழ்த்திசைப் படங்களில் நம் வீட்டுக் கதை

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்துள்ள நம்மவர் இல்லங்களில் இந்நாளில் ஒரு புதிய வழக்கு நடைபெற்று வருகின்றது. கல்லூரியிற் பயிலும் மகள் கொரியத் தொடரில் மூழ்கியிருக்கின்றாள். 'முன்பின் அறியாத ஊரார் கதையில் இவளுக்கு ஏன் இத்துணை ஈடுபாடு?' என்று தந்தையார் வினவுகின்றார். 'நம் தொடர்களைப் போல் ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் பதினாறு பகுதிகளில் முடிந்துவிடுகின்றதே!' என்று மகள் விடை கூறுகின்றாள். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஆயினும் வழக்கின் உயிர்நிலையை இருவருமே தொடவில்லை என்பது நம் கருத்து. அண்மை ஆண்டுகளில் வெளிவந்த கிழக்காசியத் தொடர்களுள்ளும் படங்களுள்ளும், நம்மைப் போன்று ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்குப் பயன் தருவன எவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்வலை நம் நாட்டில் முற்பட எழுந்த இடங்களுள் வடகிழக்கு குறிப்பிடத்தக்கது. 2000-ஆம் ஆண்டில் மணிப்பூரில் கிளர்ச்சிக் குழுவொன்று இந்திப் படங்களுக்குத் தடை விதித்தது. அதனால் நேர்ந்த வெற்றிடத்தில் 'அரிராங்' என்னும் கொரியத் தொலைக்காட்சி புகுந்து அம்மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னாளில் தமிழ்த் தொலைக்காட்சியிலும் கொரியத் தொடர்கள் மொழிமாற்றம் பெற்று வந்தன. பொங் ஜூன்-ஹோ இயக்கிய 'பாரசைட்' 2019-இல் கான் திரைப்பட விழாவின் தலையாய பரிசினைப் பெற்றது. 2020-இல் ஆஸ்கர் பரிசுகள் நான்கினை வென்றது. ஆங்கிலமல்லாத மொழியில் அமைந்த படமொன்று சிறந்த படத்திற்கான ஆஸ்கரைப் பெற்றது அதுவே முதன்முறை. 2021-இல் 'ஸ்குவிட் கேம்' என்னும் தொடர் நெட்ஃபிளிக்ஸ் வழியே உலகெங்கும் பரவியது. அதன் பின்னர்க் கொரியத் தொடர் அறியாத இல்லம் நம் நகரங்களில் அரிதாயிற்று.

வந்தவை யாவும் நல்லவை என்று நாம் கூறமாட்டோம். செல்வக் குடியிற் பிறந்த இளைஞன், ஏழைப் பெண், அவளிடம் பணத்தைக் கொடுத்து 'என் மகனை மறந்துவிடு' என்று கூறும் தாய், ஊர்தி விபத்து, நினைவிழப்பு, மருத்துவமனைக் கட்டில் என இவற்றையெல்லாம் நம் பழைய படங்களில் நாம் கண்டு களைத்தவர்கள் அல்லமோ? ஆடை புதிது, பனி புதிது, கதை பழையதே. 'ஸ்குவிட் கேமி'லோ குருதி மிகுதி. அது சிறுவர் காணத் தக்கதன்று.

எனினும் அத்தொடரில் ஒரு பாத்திரத்தை நாம் மறத்தற்கில்லை. பிழைப்பு நாடிக் கொரியா சென்ற அலி என்னும் பாகிஸ்தானியத் தொழிலாளி அவன். நம் தில்லியைச் சேர்ந்த அனுபம் திரிபாதி அப்பாத்திரத்தை ஏற்று நடித்துள்ளார். கூலி கிடைக்கப் பெறாது அல்லலுறும் அலி, காண்போரையெல்லாம் 'முதலாளி' என்றே விளிக்கின்றான். படித்தவன் ஒருவன், 'அவ்வாறு அழைக்க வேண்டா. அண்ணன் என்று அழை' என்கின்றான். அவ்வொரு சொல்லில் அலி தன் நெஞ்சத்தையே ஒப்படைத்து விடுகின்றான். அந்த அண்ணனே கோலிக்குண்டு ஆட்டத்தில் அவனை ஏமாற்றிச் சாவுக்கு அனுப்புகின்றான். அயலூரில் ஓர் உறவுச்சொல் எத்துணை இனியது, எத்துணை இடருடையது என்பதைப் பிழைக்க வந்தவர்களே நன்கு உணர்வர்.

இனி, இல்லத்தார் யாவரும் ஒருங்கிருந்து காணத்தக்கவற்றைக் கூறுவோம். 2025-இல் வெளிவந்த பதினாறு பகுதித் தொடர் ஒன்று, 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' என ஆங்கிலத்தில் பெயர் பெற்றது. அதன் கொரியப் பெயரோ ஜேஜு என்னும் தீவின் வட்டார வழக்கு. 'பெரும்பாடு பட்டீர்கள்' என்னும் நன்றிமொழி அது. ஏனைக் கொரியர் செவிக்கு அதுவே 'நன்றாக ஏமாந்து போனீர்கள்' என்பது போல் ஒலிக்குமாம். அத்தீவின் மொழி அழிவின் விளிம்பில் உள்ளதென்று யுனெஸ்கோ 2010-இல் அறிவித்தது. மூச்சடக்கிக் கடலில் மூழ்கிக் கடல்படு பொருள்களைக் கொணரும் ஹேன்யோ பெண்ணொருத்தியின் மகள் ஏ-சூன் கதைத் தலைவி. புலமை பெற விழைந்தவள். வறுமையால் அது கைகூடாது போகின்றது. தன் மகளையேனும் படிக்க வைக்கத் தலைநகராகிய சோலுக்கு அனுப்புகின்றாள். அவளது வெளிநாட்டுப் படிப்பிற்காகப் பெற்றோர் வீட்டையே விற்கின்றனர். இளமைப் பருவத்துத் தாயாகவும் மகளாகவும் ஐயூ என்னும் நடிகையே தோன்றுவது பொருள் பொதிந்த அமைப்பு.

இத்தொடரில் குறையும் உண்டு. ஏ-சூனின் கணவன் மாசுமறுவற்றவனாகப் படைக்கப்பட்டிருத்தல் நம்பத்தக்கதன்று. கண்ணீரும் சற்று மிகுதி. ஆயினும் நாட்டின் எல்லையைக் கடவாமலே ஒருவர் தம் மொழியினின்று தொலைவிற் சென்றுவிடலாம் என்பதை இதனினும் நன்கு காட்டிய தொடர் வேறொன்றை நாம் கண்டிலோம். நெல்லையிலிருந்தும் கோவையிலிருந்தும் தில்லிக்கு வந்து, இரண்டு தலைமுறைகளில் தத்தம் ஊர்ப்பேச்சினை இழந்த நம் குடும்பங்களுக்கு இது விளக்க வேண்டுவதன்று.

அடுத்து வைத்து எண்ணத்தக்கது 'பச்சிங்கோ'. மின் ஜின் லீ 2017-இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி 2022-இலும் 2024-இலும் இரு பருவங்களாக வந்த தொடர் இது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தே பூசான் அருகே பிறந்து ஜப்பானின் ஒசாகா நகருக்குக் குடிபெயர்ந்த சுஞ்சா என்பவளின் குடும்பக் கதை இது. மகள் கடல் கடக்குமுன் தன் மண்ணில் விளைந்த வெள்ளரிசிச் சோற்றை ஒருமுறையேனும் உண்ண வேண்டும் என்று தாய் விழைகின்றாள். அவ்வரிசியோ ஜப்பானியர்க்கென ஒதுக்கப்பட்டது. அரிசி வணிகன் மனமிரங்கிச் சிறிது அளந்து தருகின்றான். பல்லாண்டுகள் கழித்து, 1989-இல், முதியவளாகிய சுஞ்சா ஜப்பானில் வேறொரு கொரிய மூதாட்டியின் இல்லத்தில் உண்ண அமர்கின்றாள். முதற் கவளத்திலேயே இது தன் நாட்டரிசி என்று உணர்ந்து கண்கலங்குகின்றாள். உடனிருக்கும் பேரன் அச்சுவை அறியாது வளர்ந்தவன். ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டைக்கும் வடகப் பொட்டலத்திற்கும் காத்திருந்தோர்க்கு இக்காட்சியை எடுத்துரைத்தலும் மிகை.

இத்தொடரில் திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் கொரியப் பேச்சுக்கு மஞ்சளிலும் ஜப்பானியப் பேச்சுக்கு நீலத்திலும் அமைந்துள்ளன. ஒரே வாக்கியத்தின் இடையில் நிறம் மாறுவதைக் காண்கின்றோம். தமிழில் தொடங்கி இந்தியில் முடியும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பேச்சுக்கும் இவ்வாறு நிறந்தீட்டினால் எவ்வளவு மஞ்சள் எஞ்சும்? இரு காலங்களுக்கிடையே கதை மாறிமாறித் தாவுதல் முதியோர்க்குச் சற்றே தலைச்சுற்றல் தரும்; புதினத்தில் உள்ளவாறு நேரே சென்றிருக்கலாம். முதற் பருவத்தின் இறுதியில், அந்நாளில் ஜப்பான் சென்று தங்கிவிட்ட கொரிய மூதாட்டியர் தாமே தோன்றிப் பேசுகின்றனர். நடிப்பு முடிந்து உண்மை பேசும் அச்சில நிமிடங்கள் தொடர் முழுவதினும் சிறந்தவை.

முதிய சுஞ்சாவாக நடித்த யுன் யோ-ஜோங் அம்மையாரே 'மினாரி' என்னும் 2020-ஆம் ஆண்டுப் படத்தில் பாட்டியாக வந்து, 2021-இல் ஆஸ்கர் பரிசும் பெற்றவர். அது அமெரிக்காவில் எடுக்கப்பெற்ற படமேயாயினும் அதன் உயிர் கொரியாவினுடையது. ஆர்கன்சா மாநிலத்தில் நிலம் வாங்கிப் பயிரிட முயலும் கொரியக் குடும்பம். பகலில் பெற்றோர்க்குக் கோழிக்குஞ்சுகளை ஆண் பெண் எனப் பிரிக்கும் தொழில். ஊரிலிருந்து பாட்டி மிளகாய்ப் பொடியும் நெத்திலிக் கருவாடும் கொணர்கின்றாள்; அவற்றைக் கண்டதும் மகள் கண்ணீர் உகுக்கின்றாள். பேரனோ, 'பாட்டி மேல் கொரிய நாற்றம் வீசுகின்றது' என்று முகஞ்சுளிக்கின்றான். பாட்டி ஓடைக்கரையில் ஊன்றிய மினாரிக் கீரை, தந்தை அரும்பாடுபட்டு விளைவித்தவை தீக்கிரையான பின்னும் தழைத்து நிற்கின்றது. இதய நோயால் ஓடக் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த அப்பேரனே, வழி தவறிச் செல்லும் பாட்டியை மீட்க ஓடுகின்றான். இப்படத்தின் உரையாடலிற் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இல்லை என்பதனால், அமெரிக்கக் கோல்டன் குளோப் குழுவினர் இதனைப் பிறமொழிப் படங்களின் வரிசையில் வைத்தனர். அந்நாட்டிலேயே பிறந்த படமும் மொழியால் அயலாயிற்று!

2019-இல் லுலு வாங் இயக்கிய 'த ஃபேர்வெல்' சீனக் குடும்பத்தின் கதை. சீனாவில் உள்ள பாட்டிக்குப் புற்றுநோய். அதனை அவளிடம் மறைத்து, ஒரு போலித் திருமணத்தின் பெயரால் உறவினர் யாவரும் பல நாடுகளிலிருந்தும் வந்து கூடுகின்றனர். தொடக்கத்தில் ஒரு தொலைபேசி உரையாடல். மருத்துவமனையில் இருந்துகொண்டே, உறவினர் வீட்டில் இருப்பதாகக் கூறுகின்றாள் பாட்டி. குளிருக்குத் தொப்பி அணியாமலே அணிந்திருப்பதாகக் கூறுகின்றாள் நியூயார்க்கிலுள்ள பேத்தி. அன்பினால் இருவரும் பொய்யுரைக்கின்றனர். ஞாயிறுதோறும் ஊருக்குத் தொலைபேசும் நம்முள், 'இங்கு யாவரும் நலம்' என்னும் இப்பொய்யைக் கூறாதவர் யாவர்?

செலின் சாங் இயக்கிய 'பாஸ்ட் லைவ்ஸ்' 2023-இல் வந்தது. பன்னிரண்டு வயதில் கொரியாவை விட்டுச் சென்றவள் அயல்நாட்டில் அயல்மொழியானை மணக்கின்றாள். உறக்கத்தில் மட்டும் அவள் கொரிய மொழியில் பேசுகின்றாள். தனக்கு விளங்காத மொழியில் மனைவி கனாக் காண்பது கணவனை வருத்துகின்றது. இளமைத் தோழன் தேடி வருகின்றான். நாம் 'விட்டகுறை தொட்டகுறை' என்பதனை அவர்கள் 'இன்யோன்' என்கின்றனர்.

இவற்றைக் காணும் நம்மவர், கொரியரும் 'அம்மா', 'அப்பா' என்பதை ஒத்த சொற்களால் பெற்றோரை அழைப்பது கேட்டு மகிழ்கின்றனர். இரு மொழியும் ஓரினம் என்றும் கூறத் துணிகின்றனர். ஹல்பர்ட் என்பார் 1905-இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். ஆயின் இந்நாள் மொழிநூலார் அவ்வுறவினை ஏற்பதில்லை. குழவியின் வாயில் எளிதில் எழும் ஒலிகளால் தாய் தந்தையரைக் குறித்தல் உலகின் பல மொழிகளிலும் உள்ளதே. மெய்யான ஒப்புமை வேறிடத்தில் உள்ளது. வினைமுற்று இறுதியில் நிற்றலும், கேட்போரின் தகுதிக்கேற்பச் சொல் மாறுதலும், உறவுப்பெயர் இட்டழைத்தலும் இரு மொழிக்கும் பொது. ஆங்கில வரிகளில் 'அண்ணன்', 'அக்காள்' என்பன வெறும் ஆட்பெயர்களாகி விடுகின்றன. நீ, நீங்கள் என்னும் வேறுபாடும் மறைகின்றது. நல்ல தமிழ் மொழியாக்கம் அவற்றைக் காக்க வல்லது.

இப்போது ஓர் உண்மையை நோக்குவோம். மின் ஜின் லீ, மினாரியை இயக்கிய லீ ஐசக் சுங், லுலு வாங், செலின் சாங் ஆகிய நால்வரும் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். மூவர் சிறுவயதில் அயல்நாடு சென்றவர்கள். ஒருவர் அங்கேயே பிறந்தவர். நம் பிள்ளைகள் இன்று எந்நிலையில் உள்ளனரோ அந்நிலையில் இருந்தவர்கள். பாட்டியின் பேச்சைக் கேட்டு உணரும் அளவிற்கேனும் வீட்டுமொழி அவர்களிடம் எஞ்சியிருந்தமையால் இக்கதைகள் உலகிற்குக் கிடைத்தன.

தமிழ்த் திரையிலும் மும்பைத் தமிழர் வாழ்வு 1987-இல் 'நாயகன்', 2018-இல் 'காலா' ஆகிய படங்களில் இடம்பெற்றதுண்டு. அவை ஊர்த்தலைவர்களின் வீரக் கதைகள். மாதுங்காவிலும் கரோல் பாகிலும் ஒற்றை அறையில் குடியேறி, அலுவலகம் சென்று, வரிசையில் நின்று பால் வாங்கி, தமிழ்ப் பள்ளி தேடியலைந்த குடும்பங்களின் கதை போதிய அளவு எழுதப்படவில்லை. அதனை எழுதத்தக்கவர் இன்று கொரியத் தொடர் காணும் நம் மகளும் மகனுமே. ஆதலின் அவர்களைக் கடிதல் வேண்டா. ஒரு விடுமுறை நாளில் 'மினாரி'யை வீட்டார் யாவரும் உடனமர்ந்து காண்க. கண்டபின் அதனைப் பற்றித் தமிழிலேயே உரையாடுக. அன்றே பாட்டியை அருகமர்த்தி, எந்த ஆண்டில், எந்தப் புகைவண்டியில், எவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு இவ்வூருக்கு வந்தார் என்று பேரக் குழந்தைகள் வினவட்டும்; அவர் குரலைக் கைப்பேசியிற் பதிந்து வைக்கட்டும். பாட்டிமார் முதுமை எய்திவிட்டனர். இதற்குரிய காலம் குறுகியது. ஆவன இன்றே செய்வோமாக.