மடக்குக் கத்தி ஆடுதா? புது ஸ்க்ரூ வாங்கும் முன் இதைப் பாருங்க!

மடக்குக் கத்தியின் பிளேடு பக்கவாட்டில் ஆடினால், பெரும்பாலும் அச்சு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இதில் அலட்சியம் வேண்டாம். பிளேடு ஆடினால் லாக் சரியாக உட்காராது. அழுத்தி வெட்டும்போது விரல் மேலேயே மடங்கலாம்.

அதுக்காக உடனே டைட்டானியம் ஸ்க்ரூ செட் ஆர்டர் போட்டுடாதீங்க. பழைய ஸ்க்ரூவைக் கழற்றி, பிசுக்கைத் துடைத்து, நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு வைத்து முடுக்கினாலே பல கத்திகள் சரியாகிடும். சிவப்பு வேண்டாம், சூடாக்காமல் கழற்றவே வராது. நட்சத்திரக் குழி உள்ள டார்க்ஸ் தலைக்கு டி6, டி8 என அதற்குரிய பிட்டையே போடுங்க. இல்லாட்டி குழி தேய்ந்துவிடும்.

தலை தேய்ந்தாலோ துருப்பிடித்தாலோ மாற்றத்தான் வேண்டும். டைட்டானியம் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் அழகை விட அளவு முக்கியம். அமெரிக்கக் கத்திகள் பலவற்றில் 2-56 என்ற அங்குல மரை இருக்கும். எம்2 ஸ்க்ரூ பார்க்க அதே மாதிரிதான், பொருந்தாது. நீளத்தையும் வெர்னியரில் அளந்துக்கோங்க. கிளிப் ஸ்க்ரூ ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் உள்ளே நீட்டி பிளேடை உரசக்கூடும்.

மாட்டியதும் மெதுவாக மடக்கிப் பாருங்க. உரசல் சத்தம் கேட்டால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிடுங்க.