கிண்ணம் பிறகு, முதலில் பந்து உருளட்டும்!

தோல் ஊர்களின் கால்பந்து ரசிகர்கள் கேட்பது என்ன?

சென்னைக்கும் பெங்களூருக்கும் நட்டநடுவில் இருக்கிறது ஆம்பூர். ரயிலில் ஏறி எந்தப் பக்கம் போனாலும் சுமார் 180 கிலோமீட்டர்தான்.

இரண்டு நகரங்களுக்கும் பெரிய கால்பந்து அணி உண்டு. ஒன்று, சென்னையின் எப்.சி. மற்றொன்று, பெங்களூரு எப்.சி. இரண்டும் மோதினால் தென்னாடே பார்க்கும்.

நடுவில் இருக்கும் ஆம்பூர் ரசிகர் எந்தப் பக்கம்?

அதற்கு விடை பெரியமேட்டில் இருக்கிறது!

தோலும் பந்தும்

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இவை பாலாற்றங்கரையை ஒட்டிய தோல் ஊர்கள். இங்கே டேனரி இருக்கும். அல்லது ஷூ கம்பெனி இருக்கும். இந்த ஊர்களின் தோல் வியாபாரத்துக்குச் சென்னையில் பழைய வாசல் பெரியமேடு. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

சென்னை அணியின் பந்தயங்கள் நடக்கும் நேரு ஸ்டேடியமும் அதே பெரியமேட்டில்தான் இருக்கிறது.

அப்பா வியாபாரத்துக்காக நடந்த தெருவில், மகன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பந்தயம் பார்க்கப் போகிறான். அவன் சென்னைப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் என்ன?

ஒரு காலத்தில் கால்பந்தே தோலால்தான் செய்யப்பட்டது. உள்ளே ரப்பர் பை. வெளியே தைத்த தோல். மழையில் நனைந்தால் தோல் தண்ணீரைக் குடிக்கும். பந்து கல் மாதிரி கனக்கும். தலையால் முட்டினால் தலை கிறுகிறுக்கும்!

1986ல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில், முழுக்க முழுக்கச் செயற்கைப் பொருளால் ஆன பந்து முதன்முறையாக வந்தது. அதோடு பந்தை விட்டுத் தோல் போயிற்று. ஆனால் தோல் ஊர்களை விட்டுப் பந்து போகவில்லை.

பரமபதம் ஆடும் அணி

சென்னையின் எப்.சி. 2014ல் தொடங்கிய அணி. அதன் கதை பரமபதம் போன்றது. ஏணியும் உண்டு, பாம்பும் உண்டு.

2015ல் அதன் பயிற்சியாளர் இத்தாலி நாட்டு மாட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் பிரான்சு வீரர் ஜிதேன் தலையால் முட்டினாரே, அந்த மாட்டராசிதான் இவர்! அந்த ஆண்டு ஒரு கட்டத்தில் அணி பட்டியலின் கடைசியில் கிடந்தது. "இனி அவ்வளவுதான்" என்று பலர் கைகழுவிவிட்டார்கள்.

ஆனால் அணி எழுந்தது. தொடர்ந்து ஜெயித்தது. டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரை இறுதியைப் புனேயில் ஆடினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தினார்கள்.

டிசம்பர் 20ந் தேதி கோவாவில் இறுதிப் பந்தயம். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தன. கோவா 2-1 என்று முன்னால் இருந்தது. அப்போது கோவா கோல் கீப்பரின் கை பட்டுப் பந்து அவரது வலைக்குள்ளேயே போய்விட்டது! அடுத்த சில நிமிஷங்களில் மெண்டோசா இன்னொரு கோல் அடித்தார். 3-2! கிண்ணம் சென்னைக்கு!

2018 மார்ச் 17ந் தேதி மீண்டும் ஓர் ஏணி. இந்தத் தடவை எதிரி பெங்களூரு. இடமும் பெங்களூருதான். 9வது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கோல் அடித்துப் பதில் சொன்னார். மறுபடியும் 3-2. பெங்களூரின் வீட்டுக்கே போய்க் கிண்ணத்தைத் தூக்கி வந்தது சென்னை!

அடுத்த பருவத்தில் பாம்பு கடித்தது. 18 பந்தயங்களில் இரண்டே வெற்றி. சாம்பியன் அணிக்குக் கடைசி இடம்.

அதற்கும் அடுத்த பருவத்தில் மறுபடியும் ஏணி. கீழே கிடந்த அணியைப் புதுப் பயிற்சியாளர் ஓவன் காயில் இறுதிப் பந்தயம் வரை கொண்டுபோனார். 2020 மார்ச் 14ந் தேதி, கொரோனா அச்சத்தால் ஒரு ரசிகர்கூட இல்லாத மைதானத்தில், கொல்கத்தா அணியிடம் 1-3 என்று தோற்றது.

2024-25 பருவத்தில் 13 அணிகளில் சென்னைக்குக் கிடைத்தது 11வது இடம்.

இத்தனையும் பார்த்த ரசிகருக்குத் தோல்வி பழகிவிட்டது. ஆனால் 2025ல் வந்தது தோல்வி அல்ல. அதைவிடப் பெரிய கவலை!

ஆட்டமே இல்லை என்றால்?

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும், இந்தியன் சூப்பர் லீக் போட்டியை நடத்திய கம்பெனிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அது 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் ஏற்படவில்லை. ஜூலையில், "போட்டி நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில், தன் பணிகளை நிறுத்தி வைப்பதாகச் சென்னையின் எப்.சி. அறிவித்தது.

ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு இது சட்டென்று புரியும். ஆர்டர் வராவிட்டால் மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் கூலி நிற்கும். அதே 2025 ஆகஸ்டில்தான் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரை வரி போட்டது. வெளிநாட்டு ஆர்டரை நம்பி இருக்கும் தோல் ஊர்கள் கலங்கின. பகலில் வேலையைப் பற்றிக் கவலை. இரவில் பார்த்து ஆறுதல் அடையப் பந்தயமும் இல்லை.

டீக்கடையில் பேச்சு இப்படித்தான் இருந்தது.

"என்ன பாய், இந்த வருஷமாவது கிண்ணம் உண்டா?"

"கிண்ணம் கிடக்கட்டும் அண்ணே! முதல்ல ஆட்டம் நடக்கட்டும்!"

2026 ஜனவரியில்தான் வழி பிறந்தது. பிப்ரவரி 14ந் தேதி போட்டி தொடங்கும் என்று மத்திய விளையாட்டு மந்திரி அறிவித்தார். 14 அணிகள், 91 பந்தயங்கள். ஓர் அணிக்கு 13 பந்தயங்கள்தான். முந்தைய பருவத்தில் ஆளுக்கு 24 இருந்தன. ஏறக்குறையப் பாதி!

மூன்று ஆசைகள்

இனி வரும் பருவத்தில் ரசிகர் எதிர்பார்ப்பது என்ன?

முதல் ஆசை: பருவம் முழுசாக நடக்க வேண்டும். ஒவ்வோர் அணியும் சொந்த ஊரில் ஒரு தடவை, எதிரி ஊரில் ஒரு தடவை ஆட வேண்டும். தேதிகள் முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்போதுதான் ரயில் டிக்கெட் எடுக்கலாம், லீவு சொல்லலாம்.

இரண்டாவது ஆசை: நேரம். இரவு 7.30க்குத் தொடங்கும் பந்தயம் முடிய 9.30 தாண்டும். அதற்குப் பிறகு ஆம்பூர் திரும்பி, காலையில் ஷிப்டுக்குப் போவது சுலபமா? சனி, ஞாயிறு மாலை 5 மணிக்குப் பந்தயம் வைத்தால், வெளியூர்க்காரர்கள் மனைவி, பிள்ளைகளோடு வந்து பார்த்துத் திரும்பலாம்.

மூன்றாவது ஆசை: நம் பிள்ளைகள் ஆட வேண்டும். 2018ல் கிண்ணம் வென்ற அணியில் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் இருந்தார். அதே 2018ல், தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. வியாசர்பாடியில் பிறந்த திறமை வாணியம்பாடியில் பிறக்காதா? பையன்களிலும் தேடட்டும், பெண்களிலும் தேடட்டும். தேடி வர ஆள் வேண்டும்.

இந்த ஆசைகளில் ஓர் அச்சமும் கலந்திருக்கிறது. சென்னைக்கு இன்னோர் அணியும் இருந்தது. அதன் பெயர் சென்னை சிட்டி எப்.சி. 2019 மார்ச்சில், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் சாம்பியன் ஆனது. சில ஆண்டுகளிலேயே தேசிய லீக்கிலிருந்து அது மறைந்துவிட்டது. கிண்ணம் ஜெயித்த அணியும் காணாமல் போகும் என்பதை ரசிகர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

ஆகவே அவர் கேட்பது பெரிய வரம் அல்ல. பரமபதத்தில் பாம்பு கடித்தவன் ஆட்டத்தை விட்டு எழுந்து போவதில்லை. அடுத்த தாயம் நல்லதாக விழும் என்று உட்கார்ந்திருக்கிறான்.

காயை நகர்த்துவது அணியின் பொறுப்பு. படத்தைச் சுருட்டி வைக்காமல் இருப்பது பெரியவர்களின் பொறுப்பு!